மோட்டார் கொட்டகையில் நிரப்பிய விண்ணப்பம்

1957 பொங்கல் முதல் நாள்தோறும் ஒரு வரியாவது எழுதிவருகிறேன். மழை பெய்ததா, என்ன படித்தேன், யார் வந்தார்கள், எந்த ரயில் எவ்வளவு தாமதம் என்ற அளவில்தான். என் நோட்டுகளைப் புரட்டிய சிலர், 1961 ஜூன் கடைசி வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை தாள் வெறுமையாக இருப்பதைக் காட்டிக் காரணம் கேட்டதுண்டு. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை.

திண்டிவனத்துக்கு மேற்கே நான்கு மைலில் எங்கள் ஊர். அங்கிருந்து அந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் சேரியிலிருந்து வந்த என் நண்பன். அவனுடைய அம்மா எங்கள் நிலத்தில் களை எடுப்பார், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்குவார். முதல் வகுப்பிலிருந்து பதினொன்றாவது வரை நானும் அவனும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் என்னை 'டா' போட்டுத்தான் பேசுவான். ஊர் எல்லைக்குள் வந்ததும், யாராவது கேட்கும் தூரத்தில் இருந்தால் 'ங்க' சேர்த்துக்கொள்வான். நாங்கள் தனியாக உட்கார்ந்து பேச இருந்த ஒரே இடம் எங்கள் கிணற்றடி மோட்டார் கொட்டகை. அங்கே மறுபடியும் 'டா' வந்துவிடும். என்னைத் தேடி அவன் அங்கே வருவான். நான் அவனைத் தேடிப் போனதில்லை. அதை அப்போது நாங்கள் இருவருமே ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

தேதிகள் எனக்கு மறக்காது. வகுப்பில் என் பட்டப்பெயர் பஞ்சாங்கம். எந்த ஆண்டு தீபாவளி என்ன கிழமை என்று கேட்டால் சொல்வேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது.

ரயிலில் தெற்கே போனால் வரும் பெரிய பல்கலைக்கழகத்தில் புகுமுக வகுப்பு ஓர் ஆண்டு, பிறகு அங்கேயே மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. இருவரும் அதற்கு எழுதிப்போட்டு விண்ணப்பப் படிவம் வரவழைத்தோம். சேரிக்குத் தபால்காரர் போகமாட்டார். அங்கே உள்ளவர்களுக்கு வரும் கடிதங்களை டீக்கடையில் போட்டுவிடுவார், கிடைத்தால் உண்டு. அதனால் அவன் தன் முகவரியாக எங்கள் வீட்டைக் கொடுத்தான். ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு படிவங்களையும் நானே நிரப்பினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவன்தான் என்னிடம் கொடுத்தான்.

பிறந்த தேதி என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினேன்.

எங்கள் ஆரம்பப் பள்ளியில் ஒரே நாளில் சேர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் வாத்தியார் ஒரே பிறந்த தேதியை எழுதிவிட்டார். ஜூன் மாதத்தில் ஒரு நாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில், அங்க அடையாளமாகச் சொன்ன மச்சத்துக்கு மேலே, எங்கள் இருவருக்கும் அதே தேதிதான். ஆனால் அவனுடைய உண்மையான பிறந்தநாள் எனக்குத் தெரியும். பங்குனியில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த அவன் அம்மாவிடம் கேட்டிருந்தேன். "தீபத்துக்கு மறுநா, பொழுது சாய பொறந்தான். வெளக்குக்கு ஊத்தன எண்ண மீதி இருந்துச்சி, அதத்தான் மேலுக்குத் தடவுனோம்" என்றார். பழைய பஞ்சாங்கம் தேடி ஆண்டைச் சரிபார்த்து ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் அந்த ஆண்டு நவம்பரில் வந்தது.

"புக்குல இருக்கறது தப்புடா. நெசத் தேதியே எழுதறேன்" என்றேன்.

"எதுக்குடா பேஜாரு? அதுல இருக்கறதயே எழுதிடு."

"கீழ பாரு. மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மைன்னு நீ கையெழுத்துப் போடணும்."

"பல்கலைக்கழகத்துல வந்து எங்கம்மாவக் கேக்கப்போறாங்களா?" என்று சிரித்தான். பிறகு, "சரி பஞ்சாங்கம், ஒனக்குத் தெரியாததா" என்று கையெழுத்துப் போட்டான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்து, ஆஸ்பத்திரி டாக்டரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிய சான்றிதழ் நகலில் ஜூன் தேதி இருந்தது. நான் நிரப்பிய படிவத்தில் நவம்பர் தேதி. அது போதாதென்று, கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓர் அடிக்குறிப்பும் போட்டேன்: 'பள்ளிப் பதிவில் உள்ள தேதி பிழையானது.' கனமான நூல்களில் அப்படித்தான் போடுவார்கள் என்று படித்திருந்தேன்.

என் பிறந்தநாளும் ஜூனில் இல்லை. நான் ஆடியில் பிறந்தவன். வீட்டில் ஜாதகமே இருக்கிறது. என் படிவத்தில் புத்தகத்தில் உள்ள ஜூன் தேதியை எழுதினேன். எழுதும்போது எந்தத் தயக்கமும் வரவில்லை. இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொல்லத்தான் ஆசை. தோன்றியது. என் விஷயத்தில் ஏன் வம்பு என்று நினைத்தேன்.

ஜூன் கடைசித் திங்கட்கிழமை தபால்காரர் இரண்டு உறைகளைக் கொடுத்தார். எனக்கு வந்தது நேர்முகத்துக்கு வரச்சொல்லும் அட்டை. அவனுடையது தடிமனாக இருந்தது. பிரித்தேன், அதுவும் என் குற்றம்தான். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். என் அடிக்குறிப்புக்கு அடியில் சிவப்புக் கோடு. இரண்டு தேதிகளில் எது சரி என்று சொல்லும் தலைமையாசிரியரின் கடிதத்தோடு, விண்ணப்பதாரர் திருத்திக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் கிடைக்கச் செய்யவேண்டும்.

நான்கு முழு நாள் இருந்தது. அன்று மாலையே கொடுத்திருந்தால் இதை எழுதவேண்டியிருக்காது. உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. புதன்கிழமை அவன் அம்மா எங்கள் கொல்லையில் களை எடுத்தார். வரப்பில் என்னைப் பார்த்து, "தம்பிக்குக் கடுதாசி வந்துச்சாமே, எங்களுது எப்ப வரும்?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன். உறை சட்டைக்குள்தான் இருந்தது.

நானே போய்ச் சரிசெய்துவிட்டால் அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். வியாழன் காலை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மகள் கல்யாணத்துக்காக லீவு போட்டிருந்த எங்கள் தலைமையாசிரியரின் வீடு அங்கேதான். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைமரக் கட்டோடு நின்றவர் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"இந்தப் பொடி எழுத்து யாருது?"

"என்னுதுங்க சார்."

"யாருப்பா ஒன்ன இதெல்லாம் கேட்டது? பிறந்த தேதின்னா பதிவுல இருக்கறதுதான் பிறந்த தேதி. கவர்மெண்டுக்கு வேற தேதி கெடையாது." உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் கடிதம் எழுதி எடுத்துவந்தார். "மூணு மணி ரயில்ல தபால் ஏத்துவாங்க. ஜங்ஷன்ல லேட் ஃபீ கட்டிப் போட்டா காலையில போயிடும். சரி, திருத்தின எடத்துல கையெழுத்துப் போடணுமே. அவன் எங்க?"

நான் பந்தல்காலைப் பார்த்தேன்.

"கூட்டிக்கினு வரலியா? அவனுக்குத் தெரியுமா தெரியாதா?" என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "தேதியெல்லாம் தெரிஞ்சி வச்சிருக்கற. நாளைக்கு வெள்ளிக்கெழமன்னு தெரியலியா? இப்பவே ஓடு. சாயங்காலமே அவன் வூட்டுக்குப் போய்ச் சொல்லு. விடியங்காட்டியும் வண்டி ஏறினா ரெண்டு பேரும் நேர்ல கொண்டு குடுத்துடலாம்."

நான் பஸ்ஸுக்கு ஓடவில்லை. ஜங்ஷனுக்குப் போனேன். அவன் கையெழுத்து எனக்கு வரும், விளையாட்டாகப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து தேதியைத் திருத்தினேன். கையெழுத்துக்காகப் பேனாவை வைத்தேன், போடவில்லை. ரயில் வந்தது, தபால் மூட்டைகளை ஏற்றினார்கள், போய்விட்டது. நேர்மைதான் என் கையைப் பிடித்தது என்று சில ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டால் என் இடமும் போய்விடுமே என்ற பயம்தான் அது.

அன்று மாலை ஊருக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சேரிக்குப் பிரியும் பாதையில் நின்றேன். பதினோரு வருடப் பழக்கத்தில் அந்தப் பாதையில் ஒருமுறையும் நடந்ததில்லை. அவன் வீடு எது என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். நான் போனதை யாராவது அப்பாவிடம் சொல்வார்கள், ஏன் போனாய் என்று கேட்பார், உறையைக் காட்டவேண்டிவரும். அவன் எப்போதும்போலக் கொட்டகைக்கு வரட்டும் என்று திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுவதும் கொட்டகையிலேயே இருந்தேன். அவன் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். கை கால் எல்லாம் செம்மண். உறையைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆடி மாதத்தை மட்டும் சொல்லவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தான். உறையின் முத்திரையைப் பார்த்தான்.

"திங்கக்கெழமயே வந்துருக்குதே."

"ஆமா."

"வந்து ஒரு கொரல் குடுத்திருக்கலாமே."

"நீ வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"எங்க வூடு தெரியாதா ஒனக்கு?"

"தெரியாது."

"வேப்பமரத்துக்கு எதிர்ல ரெண்டாவது" என்றான். பிறகு காகிதங்களை ஒழுங்காக மடித்து உறையில் வைத்துக்கொண்டு எழுந்தான். "நான் வர்றேங்க."

கொட்டகையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

ஜூலையில் நான் போய்ச் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு அவன் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. ரயில்வேயில் கலாசியாக, கடைநிலைத் தொழிலாளியாக, வேலை கிடைத்து விழுப்புரம் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். 1965 ஏப்ரலில் கடைசித் தேர்வு முடித்து ஊருக்குத் திரும்பியபோது விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி நின்றது. அவன்தான் என்னை முதலில் பார்த்தான். நீலச் சட்டை, கையில் எண்ணெய்த் துணி. பக்கத்திலிருந்த இன்னொரு தொழிலாளியிடம், "இவருதான் நான் சொல்வேனே, எங்க ஊரு பஞ்சாங்கம். என் பொறந்த நாளக் கண்டுபிடிச்சிக் குடுத்தவரு" என்றான். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"எங்கம்மா இப்பல்லாம் தீபத்துக்கு மறுநா பாயசம் வைக்குது. நீங்க சொன்னப்புறந்தான். முன்னாடி அப்படி ஒரு நாளே கெடையாது எனக்கு." பிறகு சாதாரணமாகக் கேட்டான்: "ஆமா, உங்களுது எந்த மாசம்? நான் கேட்டதே இல்ல பாருங்க."

"ஆடி."

"ஆடியா?" துணியால் விரல் விரலாகத் துடைத்தான். "அப்ப ஒங்களுக்கும் புக்குல இருக்கறது தப்புதான்."

"ஆமா."

"ஃபாரத்துல எத எழுதனீங்க?"

வண்டிக்கு மணி அடித்தார்கள். பதில் சொல்லாமல் ஏறியிருக்கலாம். "புக்குல இருந்தத" என்றேன்.

தலையை ஆட்டினான். "அதான் சரி" என்றான். வண்டி நகர்ந்தபோது நான் உட்காரும் வரை நின்று பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த தண்டவாளத்துக்குத் தாண்டிப் போனான்.

அன்றைய நோட்டில் இரண்டு வரி இருக்கிறது. 'விழுப்புரத்தில் வண்டி இருபது நிமிடம் தாமதம். மழை இல்லை.'