வயிற்றைத் தொட்ட அலை

"ஆச்சிக்கு இன்னும் திமிரு கொறையலக்கா" என்றாள், பேச்சு நின்று படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கு உடம்பு துடைக்க வரும் பெண். ஈரத்துணி முதுகுக்குப் போனதும் அம்மா அவள் கையைத் தட்டிவிட்டிருந்தாள்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் அப்பா குதிரைவண்டி ஓட்டினார். சாயங்காலம் குதிரையை அவிழ்த்துக் கடலில் குளிப்பாட்டுவார். உப்புத்தண்ணீர் அலுப்பை எடுத்துவிடும் என்பது வண்டிக்காரர்களின் நம்பிக்கை. கொஞ்ச நாளாகக் குதிரை முழங்கால் தண்ணீர்வரை சாதுவாக வரும். அலை வயிற்றைத் தொட்டதும் உதைக்கும்.

"வயித்துல தண்ணி படும்போதுதான துள்ளுது? குனிஞ்சு பாருங்க" என்றாள் அம்மா.

"ஏளா, சும்ம கெட. திமிரு அதுக்கு" என்று அப்பா சாட்டையை எடுத்தார்.

அது செத்துச் சரிந்து கிடந்தபோதுதான், வண்டி பூட்டக் கட்டும் வயிற்றுவார் அறுத்த புண்ணைப் பார்த்தோம். புழு நெளிந்தது. அழுகல் நாற்றம் அடித்தது.

இன்று அம்மாவை ஒருக்களித்து முதுகுத் துணியை விலக்கினேன். அதே நாற்றம்.