இரஞ்சிதம் கேட்ட போத்தல்

சுருவில் ஊர் ஞானசவுந்தரியைத் தீவுப்பகுதியில் 'ரத்தம் எடுக்கிற பிள்ளை' என்றால்தான் தெரியும். யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் சிலர் எண்பத்து நாலில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கினார்கள். தீவுகளில் மலேரியா ஏன் விட்டுவிட்டு வருகிறது என்பதே அவர்களின் முதல் ஆய்வு. தாதிப் பயிற்சியைப் பாதியில் விட்டிருந்த சவுந்தரி அதற்கு வேலைக்குச் சேர்ந்தாள். சரவணை, வேலணை, நயினாதீவு என்று சைக்கிளிலும் வள்ளத்திலும் திரிந்து ரத்தம் எடுத்தாள். அது உறைந்தபின் தெளியும் மஞ்சள் நீரைச் சிறு போத்தல்களில் அடைத்துப் பெயர் ஒட்டினாள்.

சங்கம் நன்றாகத்தான் நடந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் கதிரை போதாமல் சுவரோடு சாய்ந்து நிற்பார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். தொண்ணூறில் தீவில் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்தபோது, சவுந்தரியும் பட்டணம் வந்து சங்கத்து அறையிலேயே தங்கினாள். மின்சாரம் இல்லை. அந்தப் போத்தல்கள் இருந்த, மண்ணெண்ணெயில் ஓடிய பிரிட்ஜை அவளும் தலைவர் டொக்டர் கனகசபையும் காத்தார்கள்.

அதைத் திறக்க வரவர அவளுக்குப் பயமாயிற்று. போத்தல்களில் ஒட்டிய பெயர்களுக்குரியவர்களில் பலர் செத்தவீட்டுச் சடங்கு கூட நடக்காமல் மாண்டுபோனவர்கள். போத்தல்கள் உரசும் சத்தம், ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பதுபோல் கேட்கும். "கொஞ்சம் பொறுங்கோ" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுக் கதவை மூடுவாள்.

ஒரு காலை சரவணை இரஞ்சிதம் வந்தாள். அவள் மகன் செல்வரத்தினம் அந்தச் சண்டையில் காணாமற் போனவன்.

"பிள்ளை, நீர் என்ரை பெடியனிட்டை ரத்தம் எடுத்தனீரல்லோ. அது இருக்கோ?"

"ஓம் அக்கா."

"எரிக்கிறதுக்கு எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. அதையெண்டாலும் தாரும். கடலிலை கரைக்கப்போறன்."

சவுந்தரி கனகசபையிடம் போய்க் கேட்டாள். "ஆய்வுக்குத் தந்ததைத் திருப்பிக் குடுக்க ஏலாது. சங்கத்தின்ரை விதி அது" என்றார் அவர்.

"சங்கத்திலை இப்ப ஆர் ஐயா இருக்கினம்?"

அவர் பிரிட்ஜ் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

போத்தலை வாங்கிய இரஞ்சிதம், "குளிருது" என்று சொல்லி, சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

செய்தி பரவி வேறு பலரும் வந்தார்கள். பிறகு மண்ணெண்ணெய் இல்லாமல் பிரிட்ஜ் நின்றது, நீர் கலங்கிற்று. "இனி உதவாது, ஊத்திவிடும்" என்றார் கனகசபை. கேட்டுவர ஆளில்லாத போத்தல்களை ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கப் பட்டணமே கிழக்கே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அவற்றைத் தோள்பையில் சுமந்து நடந்தாள். நாவற்குழிப் பாலத்தில் சனநெரிசல். குழந்தையோடு பக்கத்தில் நின்ற பெண்ணுக்குப் பைக்குள் போத்தல் சத்தம் கேட்டது.

"அக்கா, பிள்ளைக்கு ஒரு மிடறு தண்ணி தாருங்கோ."

"இது தண்ணி இல்லை, அம்மா."

அந்தப் பெண் நம்பவில்லை. நெரிசல் இருவரையும் பிரித்தது.

தென்மராட்சியில் மட்டுவில் ஊரில் ஒரு பனையடியில், பெயர்களை வாய்விட்டு வாசித்தபடி சவுந்தரி போத்தல்களைப் புதைத்தாள். அதன்பின் அந்தப் பெயர்க்காரரின் தாழ்ந்த குரல்கள் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டது, பாலத்தில் தாகத்தோடு இருந்த அந்தக் குழந்தையின் வறண்ட அழுகைதான். அது பிழைத்ததோ என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.