மாலூர் வரைக்கும் ஒரு சூப்பர் ஹீரோ

நாங்க தினமும் பெங்களூர் ரயில்ல பார்த்துக்கிட்டிருந்த சூப்பர் ஹீரோ சீரிஸை நிறுத்திட்டாங்களாம். இன்னிக்குக் காலையில ஊரிகம் ஸ்டேஷன்ல ஏறும்போதே நியூஸ் வந்துடுச்சு.

"நல்லா வேணும். கதை அருமைதான், ஆனா ஒரு சண்டை உண்டா? பேசிக்கிட்டே இருக்கானுங்க"ன்னேன்.

சீட்டுல இருந்த ராபர்ட் அண்ணனுக்குக் கோவம் வந்துடுச்சு. "இன்னாடா சொல்றே? சண்டைங்க தீயா இருக்கும். கதைதான் இல்ல. யாரு எதுக்கு அடிச்சிக்கிறாங்கன்னே தெரியாது."

ஒரு மாசமா இதே தகராறுதான்.

எங்க பெட்டியில ஒரு வழக்கம் உண்டு. பாதி வழியில வர்ற மாலூர் வரைக்கும் உட்கார்ந்து வர்றவங்க, அங்க எழுந்து நிக்கிறவங்களுக்கு இடம் கொடுத்துடணும். உட்கார்ந்த அடுத்த நிமிஷம் எல்லாருக்கும் தூக்கம்தான். பிரேமா அக்காவுக்கு மட்டும் ஜன்னல் சீட்டு நிரந்தரம். படம் ஓடுற போன் அவங்களுது.

அக்கா போனை மடியில வெச்சாங்க.

"ராபர்ட்டு, மாலூர் வரைக்கும் நீ குறட்டை. மாலூர் தாண்டினா இவன் வாயைப் பொளந்துக்கினு தூங்குறான். ஆளுக்குப் பாதி பார்த்துட்டு இன்னாத்துக்குய்யா சண்டை?"

நான் அக்கா பக்கம் குனிஞ்சேன்.

"நீங்கதான் முழுசா பார்த்தீங்க, எப்படிக்கா இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"நல்லாத்தான்பா இருந்துச்சு."

சீரிஸை நிறுத்தின அந்தப் பெரிய மனுஷருக்கு எந்த ஸ்டேஷன்ல சீட்டு கிடைச்சுதோ, தெரிஞ்சவங்க சொல்லுங்க.