பஸ்ஸின் முதுகில் தர்ஷினி

போன மாதம் வெஸ்ட்மீட் சிக்னலில் காரோடு நிற்கிறேன். முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகு முழுக்க... என் சிநேகிதி தர்ஷினி! லேப் கண்ணாடி, கையில் நீலத் திரவம், காதுவரை சிரிப்பு. அவள் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் விளம்பரம்.

வீடு வந்ததும் ஃபோன் செய்தேன்.

"ஓம் அக்கா, நானும் பார்த்தனான். லிட்கம்மில இருக்கிற அன்ரி ஒராள் ஃபோன் எடுத்து, 'பிள்ளை, எலெக்‌ஷனில நிக்கிறீரோ?' எண்டு கேட்டவ. கையில இருந்தது வெறும் கலர் தண்ணி. என்ர ஆராய்ச்சி முழுக்கக் கம்ப்யூட்டரிலதான்!"

தர்ஷினி பல வருடமாக வேதியியல் சீனியர் லெக்சரர். அசோசியேட் புரொஃபசர் பதவிக்கு இருமுறை விண்ணப்பித்து, இருமுறையும் கைவிரித்துவிட்டார்கள். ஆராய்ச்சி போதாதாம்.

எப்படிப் போதும்? எந்தக் கமிட்டி போட்டாலும் ஒரு பெண் வேண்டும், வெள்ளையரல்லாத ஒருவர் வேண்டும். தர்ஷினியைப் போட்டால் ஒரே நாற்காலியில் இரண்டும் முடிந்தது! ஊர் ஞாபகத்தில் அழும் வெளிநாட்டு மாணவர்கள் வேறு நேரே அவள் அறைக்குத்தான் வருவார்கள்.

பஸ் ஓடிய அதே வாரம் மூன்றாவது இன்டர்வியூ. "உங்களை வெளியே அவ்வளவாக யாருக்கும் தெரியவில்லையே" என்றாராம் டீன்.

"ஐயோ... நீங்க என்ன சொன்னீங்க?"

"'உங்கட காருக்கு முன்னால பஸ் ஒண்டும் போகேல்லையோ?' எண்டு கேட்டனான். எல்லாரும் சிரிச்சவை. நான் சிரிக்கேல்லை. 'போட்டோ எடுக்க என்னைத் தெரியுது, கமிட்டிக்குத் தெரியுது. புரமோஷனுக்கு மட்டும் ஏன் தெரியேல்லை?' எண்டு கேட்டுப்போட்டன்."

வெளியே வந்து, கார் பார்க்கில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று நினைத்து நினைத்து.

இந்தக் கேள்வி நம்மில் எத்தனை பேரை அரித்திருக்கிறது! சிரித்தால் போஸ்டரில் போடுவார்கள். பேசினால் 'கோபக்காரி' என்பார்கள். நடுவில் நிற்க ஓர் இடம் வேண்டாமா?

நேற்று முடிவு வந்தது. கிடைத்துவிட்டது!

அசோசியேட் புரொஃபசர் தர்ஷினி செய்த முதல் வேலை — பாதிக் கமிட்டிகளிலிருந்து விலகியது. டீன் பதறிவிட்டாராம். "அப்படியென்றால் உங்கள் இடத்தில் யாரைப் போடுவது?"

"ஏன், என்னைப் போல இன்னும் ரெண்டு பேரை வேலைக்கு எடுங்கோவன் எண்டு சொன்னனான் அக்கா!"