ஷேர் ஆட்டோவில் ஒரு சமாதானப் பேச்சு

ஆபீஸில் என் ஆங்கிலம் போதவில்லை என்றார்கள். அதனால் பேசிப் பழக ஒரு ஆப் போட்டிருக்கிறேன். இன்றைய பாடம், ஆசையையும் வருத்தத்தையும் ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது.

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஏறியதும் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஐ விஷ் ஐ ஹேட் கால்டு யூ."

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம் என்று வருந்துகிற வாக்கியம். ஆப் ஏற்கவில்லை. திரும்பச் சொன்னேன். இன்னும் உணர்ச்சியோடு சொல் என்றது. அப்படியும் சொன்னேன்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த அக்கா டிரைவரிடம், "அண்ணாத்தே, பாட்ட நிறுத்து. பாவம், இந்தப் பொண்ணு புருசன்கிட்ட பேசிகினு கீது" என்றார்.

பாட்டு நின்றது. மொத்த ஆட்டோவும் எனக்காக அமைதியாகிவிட்டது.

நான் அதையே மறுபடி சொன்னதும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எத்தினி தபா கெஞ்சுவ? போன இங்க குடு, நான் கேக்குறேன் அவன!"

அக்கா, இது வெறும் ஆப் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிவகங்கையிலிருந்து இங்கே வந்த பிறகு, எனக்காக யாரும் சண்டைக்குக் கிளம்பியதில்லை.

"வச்சுட்டாருக்கா" என்றேன்.

"அவனே திருப்பி போன் பண்ணுவான், அழுவாத. நாளைக்கும் இந்நேரத்துக்குதான் வருவேன். பேசுனானான்னு சொல்லு."

நசரத்பேட்டையில் இறங்கி, ஃப்ளாட்டைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு நம் ஊர் நண்பர்கள் குரூப்பில் இதை எழுதுகிறேன்.

நாளைக்கு அக்காவிடம் என்ன சொல்ல? உங்களில் யாராவது இன்றைக்கு ஒரு போன் போட்டால், பொய் சொல்லாமல் தப்பித்துவிடுவேன்.