தலைப்பேற்றுக்கு வந்த டாக்சி

என் அம்மா தன் வாழ்நாளில் தானாகப் போய் டாக்சி பிடித்தது ஒரே ஒரு முறை. அதையும் நான் வீணாக்கினேன்.

அறுபதுகளில் எங்களுக்குப் பம்பாயில், தாராவியில் பத்துக்குப் பத்து அறை. அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள் என்று ஐந்து பேர் அதற்குள் எப்படிப் படுத்தீர்கள் என்று இப்போது என் பேத்தி கேட்கிறாள். படுத்தோம், அவ்வளவுதான்.

எங்கள் சந்தில் முக்கால்வாசி திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். தலைப்பேறு, அதாவது பெண்ணின் முதல் பிரசவம், பெற்றவள் வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். ஆனால் பத்துக்குப் பத்தில் அதை எப்படி நடத்துவது? அதற்குச் சந்துக்காரர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். மகள் வந்துவிட்டால் அந்த வீட்டு ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேலை செய்யும் இடத்துக்குப் படுக்கப் போய்விட வேண்டும். குழந்தை பிறந்து நாற்பது நாள் வரை அந்த வீட்டுக்காரி குழாயடிக்கு வரக்கூடாது. மற்ற பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள். அம்மா அப்படி எத்தனையோ வீடுகளுக்கு ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் குடத்தை இறக்கிவிட்டு, "எம்மவ வரும்போது எனக்கு ஊத்துவியல்லா?" என்று கேட்பாள். எனக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காத காலத்திலேயே கேட்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு மானம் போகும்.

நகை, புடவை என்று அவள் எதற்கும் ஏங்கியதில்லை. மகளுக்குத் தன் வீட்டில் தலைப்பேறு பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு.

என்னைச் செம்பூரில் கொடுத்தார்கள். கம்பெனி குவார்ட்டர்ஸ். என் கணவர், விதவையான அவருடைய அம்மா, நான். வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். சொன்னால் சிரிப்பீர்கள், போன முதல் வாரம் அந்தக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சும்மாவே நின்றிருக்கிறேன். தாராவியில் டப்பாவும் கையுமாகப் பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்று வளர்ந்தவளுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். அங்கே கதவு சரியாகச் சாத்தாது. வெளியே நிற்கிறவள் "ஜல்தி கரோ" என்று தட்டிக்கொண்டே இருப்பாள். மழைக்காலத்தில் கணுக்கால் வரை சேறு.

எனக்கு ஏழாம் மாதம் ஆகும்போது மழை பிடித்துக்கொண்டது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதை நினைத்தாலே குமட்டியது. போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? அவள் இன்னமும் அந்த வரிசையில்தானே நின்றுகொண்டிருந்தாள்.

வளைகாப்பன்று அம்மா சந்துப் பெண்கள் இரண்டு பேரோடு செம்பூர் வந்தாள். வளையல் போட்டு, சாப்பிட்டு, வந்த பெண்கள் ரயிலுக்குக் கிளம்பினார்கள். அம்மா மட்டும் மெயின் ரோடு வரை நடந்துபோய் டாக்சி பிடித்து வந்து வாசலில் நிறுத்தினாள். என் முதுகுக்கு ஆகட்டும் என்று தாராவியிலிருந்தே ஒரு தலையணை கொண்டுவந்திருந்தாள். அதைப் பின் சீட்டில் சாத்தி வைத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தாள்.

நான் அவளை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய், "அத்தை அனுப்ப மாட்டேங்காவம்மா" என்றேன்.

பச்சைப் பொய். முந்தின நாள் சாயங்காலம் என் சேலைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்ததே மாமியார்தான்.

அம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல். நேரே கூடத்துக்குப் போனாள்.

"ஏன் மதினி, எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன்னியளாமே? தலைப்பேறு பெத்தவ வீட்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நாங்க இருக்க எடம் ஒங்களுக்கு நாறுதோ?"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆமா மதினி, நாந்தான் வேண்டாம்னேன். மழை நேரம்லா" என்றார்.

"அப்பச் சரி. இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். இங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

வெளியே டாக்சிக்காரன் ஹார்ன் அடித்தான். அம்மா தனியாகப் போய் ஏறினாள். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் பெட்டியை இழுத்துச் சேலைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார். பிற்காலத்தில் ஒருநாள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பெத்தவ முன்னால ஒன்னையக் குனிய வைக்கச் சொல்லுதியா?" என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய்ந்தார். எனக்கு வாய்த்த மாமியார் அப்படி.

மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அம்மா தினமும் உளுந்தங்களி கிண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நாங்கள் வீடு திரும்பியதும் நின்றுவிட்டாள். படி மிதிக்க மாட்டேன் என்றால் மாட்டேன்தான், அப்படிப்பட்ட வீம்பு.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். மாமியார் பிள்ளைக்குப் பவுடர் போட்டு, நல்ல கவுனாகப் பார்த்து மாட்டி அனுப்புவார். அம்மா அந்தக் கவுனைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். "எண்ணெ நான் தேச்சாச்சு, குளிப்பாட்டுறது ஒம் மாமியா பாடு" என்பாள். வண்டிக்கு நிற்கிறவர்கள் வேடிக்கை பார்த்தால், "க்யா தேக்தா ஹை?" என்று விரட்டுவாள். என் மகள் முதன்முதலில் 'ஆச்சி' என்று சொன்னது அந்தப் பெஞ்சில்தான். ஆச்சியின் வீடே ஸ்டேஷன்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய் தேய்த்து முடிக்கும் வரை என் மாமியாருக்கு வசவு விழும். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் மாமியார், "மதினி சொகமா இருக்காவளா?" என்று கேட்பார். அதற்கும் 'ம்'. இரண்டு வருஷம் இப்படி ஓட்டினேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல வருகிறது.

நான் இரண்டாவது உண்டாகியிருந்தபோது ஒரு ஞாயிறு, அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "ரெண்டாவது எப்படியும் புருசன் வீட்லதான். எனக்குன்னு இருந்தது ஒரு பாத்தியத. அதயும் புடுங்கிட்டா. அவ நல்லாவே இருக்க..."

"அத்தையச் சபிக்காதம்மா" என்றேன். "அவிய ஒண்ணும் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன். அந்தக் கக்கூஸ் வரிசைய நெனச்சிப் பயந்துட்டேன்."

ஒரு வண்டி வந்து நின்று போனது. அம்மா பிள்ளையின் கையில் இருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள்.

"அதுக்குத்தானட்டி சாவி வாங்கி வச்சிருந்தேன்" என்றாள்.

எங்கள் சந்துக்குப் பக்கத்து வரிசையில் ஒரு மராட்டிக்காரப் பாட்டிக்குப் பூட்டுப் போட்ட கக்கூஸ் உண்டு. அவள் வீட்டார் தவிர யாரும் போக முடியாது. நான் வந்தால் எனக்கு வேண்டும் என்று அம்மா போய்க் கேட்டிருக்கிறாள். தினமும் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறேன் என்று பேசிச் சாவி வாங்கியிருக்கிறாள். நான் வரவில்லை என்று ஆன பிறகும், சொன்ன சொல்லுக்காக மூன்று மாதம் ஊற்றியிருக்கிறாள்.

"சாவி?"

"எதுத்த வீட்டு மக பேறுகாலத்துக்கு வந்தா. அவளுக்குக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட முந்தியே சொல்லியிருக்கலாம்லாம்மா?"

"வீட்டுக்கு வந்ததும் கையில குடுத்து, ஒம்மொகத்தப் பாக்கணும்னு இருந்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. பிள்ளைக்குக் கவுனை மாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு, "நட" என்றாள்.

"எங்கம்மா?"

"ஒம் மாமியா வீட்டுக்கு. ரெண்டு வருசமா அந்த மனுசிய வாயில போட்டு மென்னுருக்கேன்லா."

மாமியார் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். போன வாரம்தான் வந்துபோனவளைப் பார்ப்பது போல, "வாங்க மதினி" என்றார். அம்மா படியேறி உள்ளே வந்தாள். பிறகு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க மதினி" என்றாள்.

மாமியார் செம்பு நிறையக் கொண்டுவந்தார். அம்மா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாட்டி?"

அவ்வளவுதான். சாகிற வரை அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுக்கவில்லை. நன்றாக நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என் அம்மா.