தண்ணீர் மந்திரி வீரபத்திரன்

துறைமுகத்தில் மூட்டை சுமந்த சிவனாண்டிக்கும் என் அத்தை மூக்காயிக்கும் மூத்த மகன் வீரபத்திரன். எண்பத்தெட்டில், எல்லாக் கட்சியும் சேர்ந்த மந்திரிசபை வேண்டுமென்று ரங்கூனே தெருவில் நின்றது. ஆபீஸ்கள் மூடிக் கிடந்ததால், எங்கள் லத்தா பேட்டையிலும் எல்லா இனத்தாரும் குழு அமைத்துப் பதவிகளைப் பங்கு போட்டார்கள். காவல் பர்மியருக்கு, அரிசி சீனருக்கு, மருந்து முஸ்லிம்களுக்கு. மிச்சமிருந்த தண்ணீரை எங்கள் ஆட்களுக்கென்று சண்டை போட்டு வாங்கியவன் வீரபத்திரன்.

மைக்கில் அறிவிக்க மற்றவர்கள் பட்டப்பெயர் மட்டும் கொடுத்தார்கள்.

“நீயும் அப்படியே குடு மச்சான், பட்டாளத்துக்கும் காது இருக்கு,” என்றார் மருந்துக்குப் பொறுப்பேற்ற மொய்தீன்.

“கோயிலுக்குப் படி அரிசி குடுத்தாலே அப்பன் பேரு, தெருப் பேரோட மைக்குல சொல்றான். மந்திரியாயிட்டு ஒளிஞ்சுக்கவா?” என்றான் இவன்.

அப்பன் பேரும் தெருப் பேரும் சேர்த்தே அறிவித்தார்கள்.

அந்த வாரமே பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. பட்டப்பெயர்க்காரர்கள் அகப்படவில்லை. இவன் வீட்டுக்கு மட்டும் நேராக வந்தார்கள்.

ஐந்து வருடம் சிறையிலிருந்து இருமலோடு திரும்பினான். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பழைய குழுவில் ஒருவரும் அவன் படியேறவில்லை. செத்தபோது பாடை தூக்க உறவில் மூன்று பேர்தான் இருந்தோம். நாலாவது ஆளைக் கூலிக்குப் பிடித்தோம்.